கத்திப் பாட்டும் பயந்த பையன்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பட்டாக்கத்தியைக் கையில் பிடித்து ரீல்ஸ் வெளியிட்டுக் கைதாகும் இளைஞர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், அடுத்த சில நாட்களில் தங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கோரிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. வெட்டு, குத்து, ரத்தம் என்று முழங்கும் திரைப்பாடல்களையும் கானாப் பாடல்களையும் அரசு அடியோடு தடை செய்ய வேண்டும் என்பதே அது. அந்தக் கடிதங்களில் தெரியும் கவலை எனக்கும் உண்டு. அவை எழுதித் தரும் மருந்தின் மீதுதான் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு வட்டாரத்தில் என் தந்தையார் காலம் தொட்டுச் சவுண்ட் சர்வீஸ் நடத்தி வருகிறோம். இந்தப் பாடல்களை யார் கேட்கிறார்கள், எந்த வேளையில் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதை மிக்ஸர் மேசைக்குப் பின்னால் நின்று பார்ப்பதே என் தொழிலாக இருப்பதால், இதுபற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

கல்யாண வரவேற்பில், வெட்டுவேன் என்று கதாநாயகன் சூளுரைக்கும் ஒரு பாட்டைப் போடுகிறோம். மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். பெண் வீட்டுச் சித்தப்பா ஒருவர் யாரும் எதிர்பாராத வகையில் நடுவில் புகுந்து அனைவரையும் தோற்கடிக்கிறார். பாட்டு முடிந்ததும் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போகிறார்கள். அதே வாரத்தில், வெட்டுப்பட்டு இறந்த ஓர் இளைஞனின் இறுதி ஊர்வலத்தில் அதே பாட்டைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். அங்கே ஆடுகிறவர்கள் சிரிப்பதில்லை. பூமாலை உதிரும் வண்டிக்கு முன்னால், ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் எந்த வீட்டைப் பார்த்து ஆட வேண்டுமோ அந்த வீட்டைப் பார்த்து ஆடுகிறார்கள். மஃப்டி காவலர்கள் ஓரமாக நின்று செல்போனில் அதைப் படம் பிடிக்கிறார்கள். ஒரே பாட்டுத்தான், ஒரே பாக்ஸில்தான் ஒலிக்கிறது. பாட்டுக்குள் இருப்பதை மட்டும் வைத்து இரண்டு இடங்களிலும் நடப்பதை விளக்க முடியாது என்பதை இத்தொழிலில் இருக்கும் எவரும் அறிவர்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நான் கவனித்து வரும் மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பாட்டின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். முழுப் பாட்டும் ஓடும். பின்னர் பென் டிரைவ் வந்தது. இப்போது தங்கள் கைப்பேசியை நேராக எங்கள் மிக்ஸரில் மாட்டிவிடுகிறார்கள், அதில் ஓடுவது பாட்டாகவே இருப்பதில்லை. கதாநாயகன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வரும் இடத்தின் பின்னணி இசை, அதன் மேல் ஒரு வசனம், அதற்குப் பிறகு வரும் இரண்டே வரி, அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது. “ண்ணா, அந்த இடம் மட்டும் இன்னொரு வாட்டி” என்று கேட்டு, அதையே விடிய விடியப் போடச் சொல்வார்கள். படத்தில் அந்தக் கதாநாயகன் தம்பியை இழக்கிறான், ஊரை விட்டு ஓடுகிறான், சில படங்களில் செத்தும் போகிறான். அந்த அரை நிமிடத்துக்குள் இவை எதுவும் வருவதில்லை.

பிள்ளைகளைக் கெடுக்க இன்றைய பாட்டுக்காரர்கள் புதிதாக ரத்தத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடுவதற்கென்றே பரணி என்று ஒரு நூல்வகையை வைத்திருந்த மொழி நம்முடையது. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடும் பகுதியைக் கல்லூரியில் பாடமாகப் படித்தேன். எங்களில் எவரும் அதைப் படித்துக் கெட்டுப்போனதாக நினைவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே சென்னையில், குஜிலிக் கடைத்தெருவில் மலிவுத் தாளில் அச்சிட்ட கொலைச்சிந்துகளைச் சில காசுகளுக்கு விற்றார்கள். ஊரைக் கலக்கிய கொலை எதுவானாலும் உடனே பாட்டாகிவிடும்; ரயிலடியிலும் சந்தையிலும் அதைப் பாடிப் பாடியே விற்பார்கள்; எளிய மக்கள் வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வெட்டியவன் யார், எதனால், எந்த இடத்தில் என்பதெல்லாம் வரிக்கு வரி வரும். ஆனால் பெரும்பாலும் கடைசியில் போலீசும் கோர்ட்டும் வந்துவிடும், பெற்றவளின் புலம்பல் வந்துவிடும், கேட்பவர்களுக்குப் புத்திமதியும் வந்துவிடும். புத்திமதி எவ்வளவு தூரம் உறைத்தது என்பது வேறு கேள்வி. கதை முழுதாக, பலர் சேர்ந்திருக்கும் இடத்தில் காதில் விழுந்தது என்பதே இங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றைய பையன் இயர்போனுக்குள் தனியாக, கத்தி ஓங்கிய இடத்தோடு நிறுத்தி, அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

என் மகள் உளவியல் முதுகலை படிக்கிறாள். இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்றதும், நான் சொல்வதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளே சில கட்டுரைகளை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். இந்தச் சண்டையை அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க செனட் குழுவின் முன் பெற்றோர் அமைப்பு ஒன்றும் இசைக்கலைஞர்களும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். இசைத்தட்டுகளின் மேல் பெற்றோருக்கான எச்சரிக்கை வில்லை ஒட்டும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. 1990இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் ஒரு வழக்கு நடந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற இரண்டு இளைஞர்களின் குடும்பத்தார், ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாட்டில் மறைவாகப் பதிந்திருந்த கட்டளையே அதற்குக் காரணம் என்று வழக்குத் தொடுத்திருந்தார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. விசாரணையின்போது அந்த இளைஞர்களின் வீட்டில் நடந்த அடி உதையும் போதைப் பழக்கமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன; பாட்டின் மீது வழக்குப் போடாமல் இருந்திருந்தால் அவற்றை யாரும் பேசியிருக்கவே மாட்டார்கள். 1999இல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தியபோது மர்லின் மான்சன் என்ற பாடகரின் மீது ஊரே பாய்ந்தது. அந்த இருவரும் அவருடைய ரசிகர்களே அல்லர் என்பது பின்னர்தான் தெரியவந்தது.

ஆகவே பாட்டு முற்றிலும் நிரபராதி என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2003இல் அமெரிக்காவில் ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து ஐந்து சோதனைகள் நடத்தினார்கள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவர்களிடம் பகையுணர்வும் வன்மமான எண்ணங்களும் கூடியிருந்தன. வேடிக்கையாக எழுதப்பட்ட வன்முறைப் பாட்டும்கூட அந்த எண்ணங்களைக் கிளப்பியது. அந்த விளைவு விரைவிலேயே தணிந்துவிடக்கூடும் என்பதையும் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒன்றைக் கண்டார்கள். காதைப் பிளக்கும் மெட்டல் இசையை விரும்பிக் கேட்கும் 39 பேருக்கு முதலில் கோபத்தை மூட்டிவிட்டு, பாதிப் பேருக்கு அவர்களுடைய பாட்டையும் மீதிப் பேருக்கு வெறும் அமைதியையும் பத்து நிமிடங்களுக்குக் கொடுத்தார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை. அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைப் போலவே அவர்களும் தணிந்தார்கள், தெம்பாக உணர்ந்ததாகவும் சொன்னார்கள். இரண்டு ஆய்வுகளும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கல்யாண மண்டபத்தையும் இறுதி ஊர்வலத்தையும் பார்த்த எனக்கு அதில் வியப்பும் இல்லை. ஆனால் அண்ணன் வெட்டுப்பட்ட தெருவில், அண்ணனை வெட்டியவனின் வீட்டைத் தாண்டித்தான் தண்ணீர் லாரிக்குப் போக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஒருவன் இந்த இரண்டு ஆய்வுகளிலும் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்படி ஒருவன் என்னிடம் வேலை பார்த்தான். 18 வயது முடிந்து, பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பாக்ஸ் தூக்கும் வேலைக்கு வந்தவன். தாயார் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். தகப்பன் இருக்கிறார் என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அண்ணனை ஏரியாத் தகராறில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். வயர் சுற்றுவதில் அவனைப்போல் கை சுத்தமான பையனை நான் பார்த்ததில்லை. முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் அவன் சுற்றி வைத்த வயர் அடுத்த விழாவில் சிக்கே இல்லாமல் பிரியும். குட்டி யானையில் சாமான்களை ஏற்றிவிட்டு, பாக்ஸ்களுக்கு இடையில் ஒடுங்கி உட்கார்ந்து, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொள்வான். எந்நேரமும் ஒரே பாட்டு. ஒருநாள் இரவு, ஆடி மாதத்தில் ஒரு கோயிலில் கூழ் வார்த்து முடித்துத் திரும்பும்போது, அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டேன். ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, “ண்ணா, இத்த கேக்க சொல்லோ எவனும் என்ன ஒண்ணும் பண்ண முடியாதுன்ற மாதிரி இருக்குண்ணா” என்றான்.

கொலைவெறி கொண்டவன் பேசும் பேச்சாக அது எனக்குக் கேட்கவில்லை. அடுத்தது நாம்தானோ என்று இரவும் பகலும் அஞ்சிக்கொண்டிருப்பவனின் பேச்சு அது. அவன் எந்தப் பக்கத்துச் சந்திலும் தனியாக நுழைந்ததில்லை என்பதும், மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்தால் சட்டென்று திரும்பிப் பார்ப்பான் என்பதும் அதன் பிறகுதான் எனக்கு அர்த்தத்தோடு கண்ணில் பட்டன. கத்திப் பாட்டு கேட்கும் பிள்ளைகளிடம் வெறியைத் தேடுகிறவர்கள் பயத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இடுப்பில் கத்தி செருகிக்கொள்பவர்களில் பலரும் முதன்முதலில் அதைச் செருகியது தங்களைக் காத்துக்கொள்ளத்தான் என்று இந்த வட்டாரத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பாட்டு அவன் காதுக்குள் இருந்தவரை யாருக்கும் தீங்கில்லை. பிரச்சினை அது செல்போன் கேமராவுக்கு வந்தபோது தொடங்கியது. கறிக்கடையில் இரவல் வாங்கிய கத்தியோடு, அந்த அரை நிமிடப் பின்னணி இசையோடு, அவன் ஒரு ரீல்ஸ் போட்டான். இரண்டு மணி நேரத்தில் எதிர்த் தெருப் பையன்கள் அதே இசையை வைத்து வேறொரு ரீல்ஸ் போட்டார்கள். மைக்கை பாக்ஸுக்கு நேரே பிடித்தால் தன் சத்தத்தையே தான் வாங்கி, பெருக்கி, மறுபடியும் வாங்கி, கடைசியில் காது கிழிய அலறுமே, அதுதான் அங்கே நடந்தது. இவனுடைய பயம் அவனுக்குச் சவாலாகப் போய்ச் சேர்ந்தது. அவனுடைய பதில் இவனுக்குப் பெரிய பயமாகத் திரும்பி வந்தது. நல்லவேளையாகக் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டு, பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். அதன் பிறகு தாய்மாமன் அவனைப் பொன்னேரிப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அங்கே லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோதும் அவன் செல்போனில் அதே பாட்டுத்தான் ஒலித்தது. ஆனால் சந்தில் தனியாக நடந்துதான் என் கடைக்கு வந்தான். எது அவனை மாற்றியது என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. பாட்டை நிறுத்தியது காரணமில்லை, ஏனென்றால் அவன் நிறுத்தவே இல்லை.

லண்டனிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே டிரில் என்று ஒரு பாட்டு வகை; சிகாகோவில் தோன்றி அங்கே போனது. எதிர்க்குழுவின் பெயரைச் சொல்லி, செத்தவனைக் கேலி செய்து, படம் பிடித்து யூடியூபில் போடுவார்கள். 2018இல் லண்டன் காவல்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் அப்படிப்பட்ட பல வீடியோக்களை யூடியூப் நீக்கியது. மறு ஆண்டு இரண்டு பாடகர்களுக்கு, பாடக் கூடாதென்று விதித்த பாட்டை மேடையில் பாடியதற்காக நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையே கிடைத்தது. லண்டன் தெருக்களில் கத்திக்குத்து அதனால் ஓய்ந்துவிடவில்லை. பெயர் சொல்லி மிரட்டும் வீடியோவை நீக்குவது சரியென்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் அது பாட்டு என்ற உடையில் வரும் மிரட்டல். எல்லாக் கத்திப் பாட்டையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதுதான் தவறு.

நம் நாட்டிலேயே பஞ்சாபில் தடையைச் செய்து பார்த்துவிட்டார்கள். மது, போதை, வன்முறை ஆகியவற்றைப் புகழும் பாடல்களை மேடை நிகழ்ச்சிகளில் இசைக்கக் கூடாதென்று பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது. 2022 மே 29 அன்று, துப்பாக்கிகளைப் பாடியே புகழ்பெற்ற சித்து மூஸேவாலா தம் ஊருக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் மாநில அரசு துப்பாக்கிக் கலாசாரத்தைப் போற்றும் பாடல்களுக்கு முழுத் தடை விதித்தது. அவருடைய பாடல்களோ இன்றும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் காதில் ஒலிக்கின்றன. இதில் தொழில்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு சொந்தக் கவலையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்படி ஒரு தடை இங்கே வந்தால் முதலில் மாட்டுபவர் பாட்டை எழுதியவரோ, அதில் ஆடிய நடிகரோ, அதை விற்ற நிறுவனமோ ஆக மாட்டார். ஆம்ப்ளிஃபயரைத் தோளில் சுமந்து வரும் எங்கள் பையன்தான் மாட்டுவான்.

அடுத்து மாட்டுபவர்கள் கானாப் பாடகர்கள். தங்கள் பக்கத்தில் கடிதம் எழுதிய அன்பர் ஒருவர் கானாவையும் ரவுடித்தனத்தையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டிருந்ததைப் படித்து வருந்தினேன். சாவு வீட்டில் விடிய விடியப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவரின் வாழ்க்கையைப் பாடி, இருப்பவர்களை அழவும் நடுநடுவே சிரிக்கவும் வைத்து, காலையில் தூக்கிக்கொண்டு போகும்வரை வீட்டாரைத் தாங்கிப் பிடிக்கும் மரண கானாவை ஒரே ஓர் இரவாவது உட்கார்ந்து கேட்டவர் அப்படி எழுத மாட்டார். கானாவிலும் ரவுடிகளைப் புகழும் பாட்டுகள் இருக்கின்றன; பணம் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் கோடிகளைக் கொட்டி எடுத்த படத்தில், கதாநாயகன் நாற்பது பேரை வெட்டிச் சாய்க்கும்போது ஒலிக்கும் பாட்டுக்கு விருது கொடுத்துவிட்டு, புளியந்தோப்பு மாடியில் செல்போனில் பதிந்த பாட்டுக்கு மட்டும் வழக்குப் போடுவது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

திரைத்துறையினர் இதில் தங்கள் பங்கை உணர வேண்டும். 2024 நவம்பர் முதல் திரைப்படங்களுக்கு வழங்கும் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் படம் தணிக்கைக்குப் போவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதன் பாட்டு ‘லிரிக்கல் வீடியோ’ என்ற பெயரில் யூடியூபில் வந்துவிடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கும் அது போய்விடுகிறது. படம் பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பின்னால் சான்றிதழ் வாங்கினாலும், பாட்டுக்கு அந்த அடையாளம் எதுவும் கிடையாது. திரையில் கதாநாயகன் சிகரெட் பிடித்தால் 2012 முதல் கீழே எச்சரிக்கை வாசகம் போட்டே தீர வேண்டும். 2023 செப்டம்பர் முதல் ஓடிடி தளங்களுக்கும் அந்த விதி வந்துவிட்டது. பட்டாக்கத்தியைச் சுழற்றினால் எதுவும் வேண்டியதில்லை. எச்சரிக்கை வாசகத்தைப் பார்த்துச் சிகரெட்டை விட்டவர்கள் எத்தனை பேர் என்று நானும் யோசித்ததுண்டு. ஆகவே அதைப் பெரிய தீர்வாக நான் முன்வைக்கவில்லை. படத்துக்குரிய வயது அடையாளத்தைப் பாட்டுக்கும் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டால், வீட்டில் ஒரு தாயாவது “இது உனக்கில்லை” என்று சொல்வதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

காவல்துறையைப் பொறுத்தவரை, அவர்கள் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்களும் மாணவர்களை நல்வழிப்படுத்த 2022இல் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ‘சிற்பி’ திட்டமும் பாராட்டத்தக்கவை. வியாசர்பாடியில் மாலை வேளையில் கால்பந்து மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால், ரீல்ஸ் எடுக்க நேரமில்லாத பையன்களை நிறையவே பார்க்கலாம். கண்ணகி நகரிலிருந்து கிளம்பிய கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் இந்திய அணியோடு தங்கம் வென்றதை நாம் எல்லோரும் கொண்டாடினோம். இவை இருக்கும்போது, கைதான இளைஞன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் ஏன் வெளியே வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று சொல்வதைக் கேட்டு நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். அவனுடைய கூட்டாளிகளோ அந்த மாவுக்கட்டுப் படத்தையும் அதே பின்னணி இசையில் வைத்து ரீல்ஸ் ஆக்கிவிடுகிறார்கள். அவமானம் என்று நினைத்துச் செய்தது அங்கே கெத்தாகப் போய்ச் சேர்கிறது.

பள்ளிகளுக்கு வருகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2009இல் இசையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகள் என்ன பாட்டு கேட்கிறார்கள் என்பதை மருத்துவர்களும் பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அதைப் பற்றி அவர்களோடு பேச வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட யோசனைகளில் ஒன்று. இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. பையன் ஒரே பாட்டை மாதக்கணக்கில் கேட்கிறான், அத்துடன் சாப்பாடு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, பழைய நண்பர்களை விட்டு விலகுகிறான் என்றால், அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குப் பதிலாக ஓர் இயர்போனை வாங்கி நம் காதில் வைத்துக்கொண்டு கேட்கலாம். அதற்குப் பிறகு அவன் சொல்வதைக் கேட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரிந்த ஒருவர் வேண்டும். வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும், எப்போதாவது வந்து சொற்பொழிவாற்றிவிட்டுப் போகாமல் அந்தப் பள்ளியிலேயே நாள்தோறும் இருக்கும் உளவியல் ஆலோசகர் வேண்டும். பள்ளியை விட்டு நின்றுவிட்ட, என்னிடம் வேலைக்கு வந்தவனைப் போன்ற பையன்களுக்கு அவரவர் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அப்படி ஒருவர் இருந்தால், கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே கூசிப் பின்வாங்கும் தாய்மார்களும் பிள்ளைகளை அழைத்து வருவார்கள்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, தங்களிடமே ஒரு வேண்டுகோள். சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் அவர்களுடைய அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தன் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. தங்கள் நாளிதழ் அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதை அறிவேன். ஆனால் தொலைக்காட்சிகள் பலவும், செய்தித்தாள்களின் இணையப் பக்கங்கள் சிலவும், முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு அந்த ரீல்ஸை அப்படியே, அதன் பின்னணி இசையோடு, நாள் முழுவதும் ஒளிபரப்புகின்றன. ஐந்நூறு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்துப் போட்டதை ஐம்பது லட்சம் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்; எதிர்த் தெருப் பையன் அதைத் தன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்க்கிறான். தங்கள் இணையப் பக்கத்திலாவது அந்தக் காட்சியையும் இசையையும் தவிர்த்து, நடந்ததை எழுத்தில் மட்டும் தரலாம். தற்கொலைச் செய்திகளின் கீழே 104, சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044 - 24640050 ஆகிய உதவி எண்களைக் கட்டம் கட்டித் தாங்கள் வெளியிடுவது பலருக்கும் பயன்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். கத்தியோடு பிடிபட்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகளின் கீழேயும் அதே போன்ற கட்டத்தில், மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை வெளியிட்டு, பயந்துபோயிருக்கும் பையன்களும் அவர்களுடைய பெற்றோரும் அழைக்கலாம் என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொழில் நடத்தும் இடத்தில் வீண் மனக்கசப்பு வரக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒலி, ஒளி அமைப்பாளர்,
பெரம்பூர், சென்னை.